திருப்பி அடித்த லாடம்

பொங்கலூர்ப் பக்கம் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். பையிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த ஒரு லாடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். இதற்கு ஆணியே வேண்டாமாம். குளம்பைச் சுத்தம் செய்துவிட்டுப் பசை தடவி அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் ஒட்டிக்கொள்ளுமாம். சுத்தியல் சத்தமே இல்லாத வேலை.

"இதெல்லாம் இல்லாதப்ப நோவு புடிச்ச காலுக்கு எப்படிங்க லாடம் அடிச்சீங்க? ஒருக்கா எழுதிக் குடுங்க, நாங்க நாலு பேரு படிப்போம்" என்றார்.

லாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல பொருள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு இது எங்கள் கையில் இருந்திருந்தால் ஒரு பெண் குதிரை பட்ட வலியில் பாதியாவது குறைந்திருக்கும் என்றுதான் தோன்றியது. அந்தக் குதிரையின் பெயர் பவளம். எழுதுவதென்றால் அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

என் பெயர் அந்தோணிராஜ். நாசரேத் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தேன். துப்பாக்கியைவிட அதிகமாக நான் பிடித்தது அரமும் குறடும் சுத்தியலும்தான். குதிரைகளுக்கும், மலையில் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளுக்கும் லாடம் அடிப்பது என் வேலை. முதல் வருடம் முழுக்க உயிருள்ள காலையே தொடவிடவில்லை. இறந்த மிருகங்களின் குளம்புகளை வெட்டி, எங்கே கொம்பு மாதிரி உணர்ச்சியற்ற பகுதி முடிகிறது, எங்கே சதை தொடங்குகிறது என்று பார்க்க வைத்தார்கள். பிறகு பதினேழு வருடம். எத்தனை கால் தூக்கினேன் என்று கணக்கில்லை.

அந்தப் பதினேழு வருடத்தில் எனக்கு ஒரு முடிவான எண்ணம் ஏற்பட்டிருந்தது. குளம்பின் உள்ளே அழற்சி வந்து, வெளிச்சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகள் விட்டுப்போகும் ஒரு நோய் உண்டு. அது வந்தால் எலும்பு கீழ்ப்பக்கமாகச் சாயும். மிருகத்தால் நிற்க முடியாது. மலை முகாமில் இப்படி வந்த மூன்று கழுதைகளைச் சுடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். மூன்றுக்கும் கடைசி வாரத்தில் லாடத்தைக் கழற்றியவன் நான். அது தீராத நோய், வலியை நீட்டாமல் முடித்துவிடுவதுதான் தர்மம் என்று நம்பியிருந்தேன்.

ராணுவத்திலிருந்து வெளியே வந்தபோது என் மனைவி செல்வமேரி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தாள். ஊரில் மழை பொய்த்த வருடங்களில் அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு வந்தவள். நானும் அவள் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. குதிரைக்கும் எனக்கும் இனி சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஆயுத பூஜை நாள். கேட்டில் வாழைமரம் கட்டி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். முதலாளி பழனிச்சாமி தன் பொங்கலூர்த் தோட்டத்திலிருந்து ஒரு குதிரையை டெம்போவில் ஏற்றி வரச் சொல்லியிருந்தார். பூஜையில் குதிரை நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. செம்பட்டை நிறத்தில், காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்த, கத்தியவாரி இனப் பெண் குதிரை. அவள்தான் பவளம். இறங்கி நாலு எட்டு நடந்ததும் நான் பார்த்துவிட்டேன். வலது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கியது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "முதலாளி, வலது முன்னங்கால்ல ஒரு ஆணி சதையத் தொட்டிருக்கு. இப்பவே எடுத்துட்டா ஒண்ணுமில்ல. விட்டா சீழ் பிடிச்சிரும்."

அவர் என் வாட்ச்மேன் சட்டையைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பதினேழு வருசம் அதத்தான் முதலாளி செஞ்சிட்டு இருந்தேன்."

நிட்டிங் மெக்கானிக்கிடம் குறடு வாங்கி, ஒவ்வொரு ஆணித் தலையாக மெல்லத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது ஆணியில் குதிரை காலைப் பிடுங்கியது. அதை உருவியபோது நுனி ஈரமாக இருந்தது. ஓட்டையில் டிங்சர் ஊற்றி, பஞ்சு வைத்து அடைத்தேன். முதலாளி அந்த ஆணியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மறு வாரம் கேட்டுக்கு வேறு ஆள் வந்தார். நான் பொங்கலூர்த் தோட்டத்துக்குப் போனேன்.

அங்கே ஏழு குதிரைகள் இருந்தன. பார்த்துக்கொண்டவர் ராம்பிரசாத், பீகார்க்காரர், என் வயதுதான். பனியன் வேலைக்கு என்று ரயிலேறி வந்தவர். அவருடைய அப்பா குதிரை வண்டி ஓட்டியவர் என்பது தெரிந்ததும் முதலாளி தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். ராணுவ இந்தி எனக்கு இருந்ததால் அவருக்கு வாய் கிடைத்த மாதிரி ஆயிற்று.

எங்கள் எல்லோருக்கும் மேலே டாக்டர் மல்லிகா. கொமரலிங்கத்துக்காரர். வயது முப்பதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். ஸ்கூட்டரில் ஒரு பால் கேனும் ஒரு தோல் பையுமாக வருவார். கேனில் பால் இருக்காது, கை கழுவ வெந்நீர் இருக்கும். குதிரைகள் விஷயத்தில் அவர் சொல்வதுதான் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது சிறிய பெண், என் தோள் உயரம்கூட இல்லை, இவர் சொல்லி நான் கால் தூக்க வேண்டுமா என்று உள்ளுக்குள் கசப்பு இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது.

அவருடைய முறை எனக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. ராணுவத்தில் மிருகம் வந்து நின்றதும் கால் என் மடியில் இருக்கும். இவர் வந்ததும் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். குதிரையைத் தொட மாட்டார். அது எந்தக் காலில் எடை வைக்கிறது, எந்தக் காலை எத்தனை முறை மாற்றுகிறது என்று ஒரு டீ குடிக்கும் நேரம் பார்ப்பார். பிறகு ராம்பிரசாத்திடம் மூன்று கேள்வி கேட்பார். என்ன தின்றது, எப்படிப் படுத்தது, எப்படி எழுந்தது. நான் மொழிபெயர்ப்பேன். அதற்குப் பிறகுதான் காலைத் தொடுவார். தொடும்போது குதிரையிடமும் மரியாதைதான். "காலக் குடுங்க சாமி" என்பார்.

வெட்ட வேண்டிய இடத்தில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். "இதுவரைக்குமுங்ணா. மிச்சத்த அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார். அண்ணா என்பதை அந்த ஊர்ப் பேச்சில் வார்த்தையோடு ஒட்டித்தான் சொல்வார்கள். ஆமாங்ணா, இல்லீங்ணா, சரிங்ணா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அண்ணா போய் 'சார்' வந்துவிடும். முதல் வருடத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் சார் ஆனேன், ஒரு கிழட்டுக் குதிரையை அதட்டியதற்காக. அதுவே போதுமானதாக இருந்தது.

பவளத்துக்கு நோய் வந்தது ஒரு ஐப்பசி மாதம். காலையில் நான் சைக்கிளில் தோட்டத்துக்குள் நுழையும்போதே ராம்பிரசாத் எதிரே ஓடி வந்தார். "பாவ் மே ஆக் ஹை, பையா" என்றார். காலில் நெருப்பு இருக்கிறதாம்.

பசுமாட்டுக்கு வைத்திருந்த மக்காச்சோளக் குருணை மூட்டை பிரிந்து கிடந்தது. தீவன அறைக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் திறந்திருந்தது. பவளம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் வேண்டிய மட்டும் தின்றிருக்கிறாள். இப்போது முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, குதிகாலில் எடையைப் போட்டு நின்றாள். மலையில் பார்த்த அதே நிலை. குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். டீ கிளாஸைத் தொட்ட மாதிரி சுட்டது. கணுவுக்குப் பின்னால் நாடி விரலை உதைத்தது.

டாக்டர் வந்தார். அன்றைக்கு மட்டும் பக்கெட்டில் உட்காரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் எண்ணெய் மருந்து ஏற்றினார். வலிக்கு ஊசி போட்டார். "ஐஸ் வேணுமுங்ணா. எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவு" என்றார். பல்லடத்து ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக வந்தது. சாயப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, முன்னங்கால் இரண்டையும் அதில் நிறுத்தி, உடைத்த ஐஸை முழங்கால் வரை நிரப்பினோம். ராம்பிரசாத்தும் நானும் மாறி மாறி மூன்று நாள் ஐஸ் உடைத்தோம். கொட்டடியில் ஆற்று மணலைக் கெட்டியாகப் பரப்பினோம். மணல் குளம்பின் அடிக்குள் போய் அணைத்துக்கொள்ளும். அவள் விரும்பியபடி காலைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாளிக்கு அந்தக் குதிரைமேல் இருந்த பாசம் எனக்கு அதுவரை முழுதாகத் தெரியாது. அவர் சவாரி செய்கிறவர் அல்ல. தினமும் காலையில் கம்பெனிக்குப் போகும் வழியில் இரண்டு கேரட்டோடு வந்து அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு ஷிப்மென்ட், பவர்கட் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டுப் போவார். அவள் நிலையைப் பார்த்ததும் ராம்பிரசாத்தின் பக்கம் திரும்பினார். "கதவச் சாத்தாம உட்டது யாருன்னு கேளுங்க அவர" என்றார். நான் கேட்டேன். ராம்பிரசாத் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வெட்டும் வேலை தொடங்க நாலு வாரம் ஆயிற்று. அதற்கு முன்னால் டாக்டர் எங்கிருந்தோ தூக்கி வரக்கூடிய எக்ஸ்ரே மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். குளம்பின் முன்பக்கத்தில் ஒரு சிறு கம்பியை ஒட்டினார். அடிப்பக்கத்தில் ரப்பர் போல முக்கோணமாக ஒரு பகுதி இருக்கும், அதன் நுனியில் ஒரு டிராயிங் பின்னைக் குத்தினார். படத்தில் கம்பியும் பின்னும் பளிச்சென்று விழும், அவற்றை வைத்து எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்துவிடலாம். எனக்கு அது புதிது. படத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"பாருங்ணா, எலும்பும் சொவரும் ஒண்ணா இறங்கோணும். இங்க எலும்பு தனியா கீழ இறங்குது."

"தையல் விட்ட மாதிரி" என்றேன்.

"அதேதானுங்ணா. நுனிய முன்னாடியிருந்து அரத்துல தேச்சுக் கொறைக்கோணும். குதிகால ரொம்பக் கொஞ்சமா எறக்கோணும். ஒரே நாள்ல கூடாது. அடியத் தொடவே கூடாது." சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, பிரசவம் சிக்கலான ஒரு மாட்டைப் பார்க்க உடுமலைப் பக்கம் கிளம்பினார்.

அன்றைக்கு நான் செய்ததை எழுத இப்போதும் கை தயங்குகிறது. அவள் காலைத் தூக்கித் தருவது பெரிய பாடாக இருந்தது. ஒரு காலைத் தூக்கினால் எடை முழுவதும் இன்னொரு நோவுக் காலில் விழும். நடுங்கினாள். இவளை ஐந்தாறு முறை இப்படிப் படுத்துவதைவிட இன்றைக்கே சேர்த்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். படத்தில் பார்த்த சாய்வு மனதில் இருந்தது. குதிகால் இரண்டையும் கோட்டைத் தாண்டி ஒரு விரல் கனம் அதிகமாக எடுத்துவிட்டேன். இறக்கி வைத்தபோது குளம்பு பார்க்க அழகாக இருந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் அவள் எழவில்லை. குதிகால் திடீரென்று தாழ்ந்ததால் பின்பக்கத் தசைநார் இழுத்து, எலும்பை இன்னும் கீழே சாய்க்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

டாக்டர் வந்து மணலில் மண்டியிட்டுக் குளம்பைப் பார்த்தார். குதிகாலை விரலால் அளந்தார். பிறகு, "கோட்டத் தாண்டச் சொன்னது யாருங்க சார்?" என்றார்.

"நான்தான் தாண்டினேன். அவ நடுங்குததப் பாத்துட்டு ஒரேயடியா முடிச்சிருவோம்னு செஞ்சுட்டேன். தப்புதான், டாக்டரம்மா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வெட்டுனத ஒட்ட முடியாதுங்க. ஆனா குதிகாலுக்கு அடியில ஒசரம் குடுக்கலாம். செருப்பு ரப்பர் மாதிரி ஏதாச்சும் ஆப்பு மாதிரி வெட்டி வெக்கோணும். ஆணி அடிக்க முடியாது, இந்தக் கால் அதத் தாங்காது. எப்படிக் கட்டறதுன்னுதான் தெரியில" என்றார். இந்த முறை சார் என்று சொல்லவில்லை. அண்ணாவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து செல்வமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இட்லிக்கு ஆட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தக் காலோட அளவு என்ன?" என்றாள். காகிதத்தில் வரைந்து காட்டினேன். மறுநாள் கம்பெனியில் மதிய இடைவேளையில் நாலு பைகள் தைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே பனியன் கழிவில் கிடைக்கும் ரிப் துணி நாலு மடிப்பு, வெளியே தார்ப்பாய், வாய்ப்பக்கம் இழுத்துக் கட்ட நாடா. "ரிப்புன்னா கால் வீங்கினாலும் இறுக்காது, வத்தினாலும் கழலாது" என்றாள். லாடம் அடிக்கிறவனுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. ரப்பர் ஆப்பைக் குதிகாலுக்கடியில் வைத்து, பையை மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினோம். டாக்டர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அக்காகிட்ட இன்னும் நாலு கேளுங்ணா" என்றார். அண்ணா திரும்பி வந்ததும் எனக்கு மூச்சு விட முடிந்தது.

பவளம் எழுந்து நின்றாள், ஆனால் நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் மறுபடி படுத்துவிட்டாள். தின்னவில்லை. விலாவில் படுக்கைப் புண் வரத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி வந்தார். கேரட் கொண்டுவரவில்லை. கொட்டடிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு டாக்டரிடம் சொன்னார்.

"போதுமுங்க. ஊசி போட்டு முடிச்சுருங்க. என்னால பாக்க முடியிலீங்க."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. "முதலாளி சொல்லுததுதான் எனக்கும் சரின்னு படுது. நான் மூணப் பாத்தவன். இது திரும்பி வராது" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் என் பங்குக்கு ஒளிந்துகொள்ளவும் இடம் இருந்தது. அவள் போய்விட்டால் நான் கோடு தாண்டியதும் அவளோடு போய்விடும்.

முதலாளி அப்போதுதான் அதைச் சொன்னார். "தாழ்ப்பாள் போடாம வந்தது நானுங்க. முந்தின நாள் பொழுதோட மாட்டுக்குக் குருணை எடுத்துக் குடுத்துட்டு, போன் வந்துச்சுன்னு பேசிக்கிட்டே அப்படியே போயிட்டேன். அவரு மேல பழியப் போட்டனுங்க. அவரு வாயத் தொறக்கல." ராம்பிரசாத்தின் பக்கம் கை கூப்பினார். ராம்பிரசாத்துக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் அது புரிந்தது. ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

டாக்டர் பையிலிருந்து ஊசியை எடுக்கவில்லை, குளம்பை அழுத்திப் பார்க்கும் பெரிய இடுக்கியை எடுத்தார். "முடிக்கிறதுன்னாலும் எதனால படுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிக்கலாமுங்க. அண்ணா, காலப் புடிங்க" என்றார்.

படுத்திருந்தவளின் வலது முன்னங்காலை மடியில் வைத்துக்கொண்டேன். பையை அவிழ்த்தேன். இடுக்கியால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். நுனிக்குச் சற்று உள்ளே ஓரிடத்தில் அவள் உடம்பு முழுவதும் துடித்தது. நான் அந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். குளம்பின் சுவரும் அடியும் சேரும் இடத்தில் இயற்கையாக ஓடும் வெளிறிய கோட்டில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. முகர்ந்தேன். என் வேலையில் பழகிய நாற்றம்.

"சீழு, டாக்டரம்மா."

"எவ்வளவு தோண்டோணும்?"

"நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுத இடத்துல நிறுத்துதேன்."

வளைந்த கத்தியின் நுனியால் புள்ளியைப் பின்தொடர்ந்தேன். அரிசி மணி அளவு, பிறகு இன்னொரு அரிசி மணி அளவு. அவர் முழங்காலிட்டு என் கைக்கு மேலே குனிந்திருந்தார். மூன்றாவது சுரண்டலில் சாம்பல் நிறத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் சட்டையில் அடித்தது. "நிறுத்துங்ணா" என்றார். நிறுத்தினேன். பவளம் மூக்கு வழியாக ஒரு நீளமான மூச்சை விட்டாள். வெந்நீரில் உப்புக் கரைத்து அந்தக் காலை ஊற வைத்தோம். ஊறிக்கொண்டிருக்கும்போதே கழுத்தை நீட்டி மணலில் கிடந்த சோளத்தட்டையைக் கடித்தாள். அன்று மதியமே எழுந்து நின்றாள். முதலாளி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அவ விழுந்தது நான் வெட்டினதாலயா, சீழ்னாலயா?" என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாமுங்ணா. தெரியில" என்றார். என்னைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகமாயிற்று.

அடுத்த மூன்று மாதமும் மாதம் ஒரு முறை, கோடு வரைக்கும் மட்டும் வெட்டினேன். குளம்பு மேலேயிருந்து புதிதாக இறங்கி வந்தது. விரலால் தடவினால் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடம் ஒரு வரப்பு மாதிரி தட்டுப்படும். அந்த வரப்பு கீழே இறங்க இறங்க அவள் நடை தேறியது. மண்ணில் நடக்கலாம், கல்லில் முடியாது என்ற நிலை வந்தபோது லாடம் பற்றிப் பேச்சு வந்தது. சாதாரண லாடம் நுனியைத்தான் சுற்றி வளைக்கும். நோவே அங்கேதான்.

"புஸ்தகத்துல ஒண்ணு படிச்சிருக்கறனுங்ணா. லாடத்தத் திருப்பி அடிக்கிறது. தெறந்த வாய் முன்னாடி, வளைவு பின்னாடி. நுனியில ஒண்ணுமே படாது, குதிகால் பக்கம் முழுசா தாங்கும். ஆனா நான் கண்ணால பாத்ததில்ல" என்றார்.

"நான் பாத்திருக்கேன்" என்றேன். "மலையில ஒரு பஞ்சாபி ஹவில்தார் ஒரு கழுதைக்கு அப்படி அடிச்சாரு. ஏன்னு கேட்டதுக்கு நல்லதுன்னாரு. காரணம் அவருக்கும் தெரியல."

அவருக்குக் காரணம் தெரியும், எனக்குக் கை தெரியும். இரண்டு நாள் உலையில் இரும்பைக் காய்ச்சி இரண்டு லாடம் செய்தேன். வளைவை அகலமாகத் தட்டி, குதிகாலைத் தாங்கும்படி விட்டேன். சூடாக வைத்துப் பொருத்தவில்லை, ஆறவைத்துத்தான் வைத்தேன். ஆணி சிறிதாக, பக்கத்துக்கு மூன்று, எல்லாம் பின்பாதியில். ஓங்கி அடிக்காமல் வெற்றிலைப் பாக்கு இடிக்கிற மாதிரி அடித்தேன். ஒவ்வொரு ஆணிக்குப் பிறகும் காலைக் கீழே வைத்து அவளை நிற்க விட்டு, டாக்டர் தலையசைத்ததும் அடுத்தது. இரண்டு காலுக்கும் ஒரு முழு முற்பகல் ஆயிற்று.

மறுநாள் தோட்டத்து ஆட்கள் ஒரே பேச்சு. பவளத்தின் காலடித் தடத்தைப் பார்த்தால் முன்னங்கால் பின்னால் போகிறது, பின்னங்கால் முன்னால் போகிறது. "லாடக்காரரு அவசரத்துல மாத்தி அடிச்சுட்டாருங்களா?" என்று களை எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். ராம்பிரசாத் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இடுப்பு ஒத்துழைக்க மறுக்கும் வரைக்கும். வளைந்த காலோடு பிறந்த குட்டிகள், பந்தய வண்டிக் குதிரைகள், கல்யாண ஊர்வலக் குதிரைகள் என்று எத்தனையோ கால்கள். தோற்ற கேஸ்களும் உண்டு. அதே நோய் வந்து காப்பாற்ற முடியாமல் போன இரண்டு குதிரைகளை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். ஆனால் பார்த்ததும் தீராது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது.

பவளத்தின் லாடத்தை நிரந்தரமாகக் கழற்றியது அடுத்த கார்த்திகையில். பழைய சுவர் முழுக்கக் கீழே இறங்கி, கடைசித் துணுக்கையும் அரத்தில் தேய்த்து எடுத்தாயிற்று. டாக்டர் புதிதாக எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தார். எலும்பும் சுவரும் ஒன்றாக இறங்கின. பழையபடி முழுதாக இல்லை, இனி யாரையும் சுமக்கக் கூடாது என்று முதலாளியிடம் சொன்னார். "சும்மா இருந்தாப் போதுமுங்க" என்றார் அவர். அன்றைக்கு அவருக்குத் துணி வாங்க வரும் பையர்களோடு ஏதோ மீட்டிங். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. செல்வமேரியும் லீவு போட்டு வந்திருந்தாள். தைத்த கைக்குப் பார்க்கும் உரிமை உண்டு என்று டாக்டர்தான் கூப்பிட்டிருந்தார்.

வெறும் குளம்போடு அவளைத் தென்னந்தோப்பைத் தாண்டி, உழுது போட்டிருந்த செம்மண் காட்டுக்கு நடத்திக்கொண்டு போனோம். ராம்பிரசாத் கயிற்றை அவிழ்த்தார். அவள் நின்றாள். குனிந்து மண்ணை முகர்ந்தாள். முன்னங்காலால் இரண்டு முறை கீறினாள். நான் பயந்துவிட்டேன். முன்முழங்காலை மடக்கி அவள் கீழே போனதும் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். படுத்தே கிடந்த நாட்கள் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

அவள் புரண்டாள். நாலு காலும் வானத்தில் ஆட, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை, மறுபடி இந்தப் பக்கம். ஒரு வருடமாக அடக்கி வைத்த அரிப்பையெல்லாம் அந்த மண்ணில் தேய்த்தாள். பிறகு முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, ஒரே உந்தலில், சுலபமாக எழுந்தாள். நேராக எங்களிடம் நடந்து வந்து, முதலாளிக்கு எதிரே நின்று, காதிலிருந்து வால் வரைக்கும் உடம்பை உதறினாள்.

செம்மண் புழுதி எங்கள் ஐந்து பேர் மேலும் கொட்டியது. தலையில், முகத்தில், செல்வமேரியின் சேலையில், முதலாளியின் வெள்ளைச் சட்டையில். டாக்டர் தும்மினார். யாரும் தட்டிவிட்டுக்கொள்ளவில்லை.

முதலாளி அப்படியே காரில் ஏறி மீட்டிங்குக்குப் போனார்.